களி ஆறுது, எறங்கு

ஜவளகிரி,
ஓசூர் தாலுகா, சேலம் ஜில்லா.
12-1-1952

மலாய் நாட்டில் இருக்கும் பெரியவன் ராமப்பனுக்கு அம்மா நஞ்சம்மா எழுதியது. நான் உயிரோடு இருக்கிறேன். முழங்காலில் நீர் கோத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. உன் உடம்பு எப்படி என்று எழுது.

தீபாவளிக்கு நீ போட்ட கடிதம் வந்தது. நான்கு பக்கம். மழை பெய்தது, ரப்பர் மரம் சாய்ந்தது, துரை வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது எல்லாம் இருக்கிறது. உன் தம்பி முனிராஜ் பெயர் மட்டும் இல்லை. அதற்கு முந்தின கடிதத்திலும் இல்லை. நாய்க்குட்டியை எண்ணி எழுதியவனுக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன் என்று எண்ண வரவில்லையா?

ஐந்து வருஷம் முந்தி, ஜப்பான் சண்டை முடிந்து நீ ஊருக்கு வந்து திரும்பும்போது, தேன்கனிக்கோட்டையில் பஸ் நிற்கிற இடத்தில் அவன் கையைப் பிடித்து உன் கையில் வைத்தேன். அவனுக்கு அப்போது இருபத்தோரு வயது. "என் கண்ணாட்டம் பாத்துக்குறேம்மா" என்றாய். அன்றைக்கு உன் சட்டையில் மூன்றாவது பித்தான் இல்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

ராகி அறுத்தாயிற்று. ஒற்றைக் கொம்பன் இந்த வருஷமும் வந்து கிணற்றுப் பக்கம் பாதிக் கொல்லையை மிதித்துவிட்டுப் போனான். யானைக்குக் காவல் இருக்க ஆள் இல்லாமல் பரண் காலியாகக் கிடந்தால் வராமல் என்ன செய்வான்.

பதிலில் முதல் வரியே தம்பியைப் பற்றி இருக்கட்டும்.

ஆசீர்வாதம்.
நஞ்சம்மா


புக்கிட் லாடா தோட்டம்,
பேரா, மலாயா.
20-2-1952

தாயார் அவர்களுக்கு ராமப்பன் கும்பிட்டு எழுதுவது. நான் நல்ல சுகம். தங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவவும்.

முதல் வரியில் எழுதச் சொன்னீர்கள். கை வரவில்லை, இப்போது எழுதுகிறேன். தம்பி காட்டுக்குள் போய்விட்டான்.

இங்கே நான்கு வருஷமாக வெள்ளைக்கார சர்க்காருக்கும், காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கும் சண்டை. தம்பி தொழிலாளர் சங்கத்தில் இருந்தான். சங்கத்து ஆட்களைப் பிடிக்க ஆரம்பித்ததும், ஒரு நாள் விடியற்காலையில் பால்மரம் வெட்டும் கத்தியோடு போனவன் திரும்பவில்லை. இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

இப்போது எங்கள் கூலிக்காரர் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி மடியை அவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது, காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று. அந்த வாசலில் என்னைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்திருக்கிறார்கள். "உன் தம்பி அந்தப் பக்கம். நீ எந்தப் பக்கம்?" என்று துரை கேட்டார். தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

கடிதங்களை ஆபீசில் பிரித்துப் படிக்கிறார்கள். பார்த்து எழுதவும்.

தங்கள் மகன்
ராமப்பன்


ஜவளகிரி
30-3-1952

ராமப்பனுக்கு. நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய். துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு என்ன குறை.

ஆபீசில் படிக்கிறவனும் படிக்கட்டும். எனக்கு மறைத்து எழுதத் தெரியாது. தம்பிக்குச் சோறு போய்விடக்கூடாது என்று கண்டவள் மடியை அவிழ்த்துப் பார்க்கிறவன் என் வயிற்றில் பிறந்தவன். இதைப் பக்கத்துக் கொல்லை நாராயணம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். "ஏக்கா, ஒம் பெரியவன் தொரை ஆயிட்டானாமே, இனிமே நமக்கெல்லாம் பொறை ரொட்டி குடுப்பானா?" என்று கேட்டாள். அவளுக்கு அது இருக்கட்டும், ஒரு நாள் திருப்பிக் கொடுக்கிறேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் பரணில் தூங்கிப் போனாய். எட்டு யானை இறங்கி ஒரு வருஷத்துச் சோற்றைத் தின்றது. உனக்கு இரண்டு நாள் களி போடவில்லை. அது நியாயம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். முனிராஜ் பத்து வருஷம் அதே பரணில் இருந்தான், ஒரு நாளும் கண் அயர்ந்ததில்லை. காடு அவனுக்குப் புதிதில்லை. பயம் உனக்குத்தான்.

அவனைப் பத்திரமாக வெளியே கொண்டு வா. கூட்டிப் போனவன் நீ.

நஞ்சம்மா


புக்கிட் லாடா தோட்டம்
10-5-1952

தாயார் அவர்களுக்கு ராமப்பன் கும்பிடு. இங்கே சுகம். அங்கே கோடை எப்படி, கிணற்றில் தண்ணீர் உண்டா?

தம்பி பக்கத்தில்தான் இருக்கிறான். பால் வெட்டப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். கன்னம் ஒட்டிப்போய், காலில் புண்ணோடு இருக்கிறானாம். ஆகாய விமானத்திலிருந்து காகிதம் போடுகிறார்கள், வெறுங்கையோடு வெளியே வந்தால் மன்னிப்பு என்று. துரையும் என் கையில் அடித்துச் சொன்னார், ஒரு மயிரையும் தொடமாட்டோம் என்று. மூன்று சாயந்தரம் வேலி ஓரம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வரவில்லை. எப்படி வருவான்? காட்டுப் பக்கம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மனுஷன் இல்லை, பேய் என்று தாங்கள்தானே சொல்லி வளர்த்தீர்கள்.

பரணிலிருந்து அவனை இறக்குவீர்களே ஒரு கூவல், அதை எழுதி அனுப்பவும். அதற்கு வருவான்.

எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை, தெரியவே தெரியாது. எட்டு வயதிலிருந்து, பதினேழு வயதில் கப்பல் ஏறும்வரை நானும் அந்தப் பரணில்தான் இருந்தேன். எனக்கு ஒரு நாளும் தாங்கள் கூவியதில்லை. "பசிச்சா தானா எறங்குவான்" என்பீர்கள். நான் போன பிறகுதான் தம்பி பரண் ஏறினான், கூவலும் பிறந்தது. கப்பலில் ஒரு நாள் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அது அம்மாவுக்கும் எனக்கும் என்று சொல்லிச் சிரித்தான்.

சீக்கிரம் எழுதவும்.

ராமப்பன்


ஜவளகிரி
18-6-1952

ராமப்பனுக்கு அம்மா எழுதியது. முழங்கால் தேவலை. அவன் காலில் புண் என்று எழுதினாயே, அதிலிருந்து எனக்குத்தான் நடக்க வரவில்லை.

உன்னை நம்பி இதை எழுத எனக்கு மனமில்லை. முதலில் சத்தியம் கேட்டு எழுதலாம் என்று இருந்தேன். நீ செய்து அனுப்பி, நான் பதில் போடுவதற்குள் மூன்று மாதம் ஓடும். அதுவரை அவன் பட்டினி கிடப்பான். ஆகையால் ஒரே காகிதத்தில் எழுதுகிறேன். இந்தப் பக்கம் சத்தியம், அந்தப் பக்கம் கூவல். சத்தியத்தை வாய்விட்டுப் படித்த பிறகு காகிதத்தைத் திருப்பு. ஜப்பான்காரன் காலத்தில் பட்டினியில் செத்தாளே உன் பெண்டாட்டி லட்சுமியம்மாள், அவள் மேல் சத்தியம். தம்பியை இறக்கினால் சோறு போடுவதற்கு இறக்குவேன், வேறொன்றுக்கும் இறக்கமாட்டேன். சொன்னாயா? திருப்பு.

மூங்கில் கழியால் தகரத்தில் மூன்று தட்டு. ஒரு மூச்சு விடு. பிறகு ஒரே ஒரு தட்டு. அதன் பிறகு, "களி ஆறுது, எறங்கு." கடைசி எழுத்தை இழுக்காதே, அரிவாளால் வெட்டினது போல நிறுத்து. காட்டிலிருந்து கூப்பிடுகிறதற்கு நிறுத்தத் தெரியாது, அது இழுத்துக்கொண்டே போகும். பிள்ளை அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வான். யானை பரண் காலைப் பிடித்து ஆட்டினால்கூட, கூவல் கேட்காமல் முனிராஜ் இறங்கினதில்லை. அம்மா கிணற்று மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், யானை முதுகைத் திருப்பின சமயம் பார்த்துக் கூவுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

கூவின பிறகு நீ அசையாதே. அவன் வரட்டும். வந்ததும் சோறு, பேச்சு அப்புறம். கூவி இறக்கிவிட்டுச் சோறு போடாத வீடு விளங்காது.

அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். அங்கே கருவாடு கிடைக்குமா?

நஞ்சம்மா


ஜவளகிரி
10-10-1952

ராமப்பா, சுகமா? பதில் இல்லை. இறங்கினானா?

நஞ்சம்மா


புக்கிட் லாடா தோட்டம்
2-12-1952

தாயார் அவர்களுக்கு ராமப்பன் கும்பிட்டுக் கொள்கிறேன். நான் சுகம். தங்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே படிக்கவும்.

தம்பி ஆவணி மாதம் காட்டுக்குள்ளேயே காய்ச்சலில் காலமானான். கூவல் வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். கஷ்டப்படவில்லையாம். இங்கே மாரியம்மன் கோயிலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். தாங்களும் அங்கே செய்துகொள்ளவும்.

என்னைப் பெரிய கங்காணியாகப் போட்டிருக்கிறார்கள். தனி வீடு. வேறு விசேஷம் இல்லை.

ராமப்பன்


பழைய பேட்டை, கிருஷ்ணகிரி
15-3-1953

ஜவளகிரி நஞ்சம்மா அவர்களுக்கு ஷேக் தாவூத் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாவின் கிருபையில் நான் போன மாதம் மலாயாவிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தேன். தாங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

புக்கிட் லாடா தோட்டத்து வாசலுக்கு எதிரே நான் கடை வைத்திருந்தேன். நம்ம ஜில்லாக்காரர் என்று முனிராஜ் தினம் வருவான். உங்கள் பெயரும் ஊரும் அவன் சொல்லித்தான் தெரியும். நேரில் வந்து சொல்லத் தைரியமில்லை. காகிதத்தில் எழுதுகிறேன். காய்ச்சல் என்று உங்களுக்கு எழுதியிருப்பதாகத் தோட்டத்து ஆபீசில் கேள்விப்பட்டேன். அவன் காய்ச்சலில் சாகவில்லை.

போன ஆவணியில் ஒரு சாயந்தரம். வெளிச்சம் நன்றாக இருந்தது. வேலி ஓரத்தில் யாரோ தகரம் தட்டினார்கள். மூன்று தட்டு, பிறகு ஒன்று. பிறகு ஏதோ கூவினார்கள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "யாருடா இவன், ரப்பர் காட்டுல யானை ஓட்டறான்?" என்றான் ஒருத்தன். "வாசக் காவக்காரனுக்குக் கள்ளு ஏறிப்போச்சு" என்றான் இன்னொருத்தன். எட்டிப் பார்த்தேன். தட்டியது உங்கள் பெரிய மகன்.

மரங்களுக்கு நடுவிலிருந்து முனிராஜ் வந்தான். கையில் ஒன்றுமில்லை. நொண்டி நொண்டி வந்தான். உள்ளங்கை இரண்டையும் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான் அம்மா, சாப்பிட உட்காரப் போகிறவன் போல. வேலிக்கு இருபது அடி இருக்கும்போது மரத்துக்குப் பின்னால் படுத்திருந்த சிப்பாய்கள் சுட்டார்கள்.

அதையும் பொறுத்துக்கொள்வேன். அவன் விழுந்த பிறகு உங்கள் பெரிய மகன் தகரத்தைக் கீழே போடவில்லை. இன்னொரு தரம் தட்டினான். மூன்று, பிறகு ஒன்று. இன்னும் எவனாவது வருவானா என்று பார்த்தான் போல. அன்றைக்கே கடையை மூட முடிவு செய்தேன்.

அந்தக் கூவலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
ஷேக் தாவூத்


ஜவளகிரி
1-4-1953

என் மூத்த பிள்ளை ராமப்பனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதியது. நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விவரமாக எழுது.

போனவன் போய்விட்டான். காய்ச்சலுக்கு யார் என்ன செய்ய முடியும். இனி எனக்கு இருப்பது நீ ஒருத்தன். முன்னே கோபத்தில் என்னென்னவோ எழுதினேன், மனதில் வைக்காதே. கொல்லையை உன் பேருக்கு எழுதி வைக்கப் போகிறேன். கார்த்திகைக்குள் வந்துவிடு. ராகி பால் பிடிக்கிற சமயம், காவலுக்கு ஆள் இல்லை. கிணற்றுக்குக் கீழ்ப்புறம் புதுப் பரண் போட மூங்கில் வெட்டும் முனியப்பனிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு நான் கூவினதில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். நினைத்துப் பார்த்தேன். இந்தத் தரம் நீ ஏறு. கூவும்வரை இறங்காதே. நான் மேட்டில் நிற்பேன்.

அம்மா நஞ்சம்மா


புக்கிட் லாடா தோட்டம்
9-8-1953

அம்மாவுக்கு ராமப்பன் கோடி நமஸ்காரம். எனக்கு என்ன, நல்ல சுகம். முழங்காலை வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு அலைய வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வேலையை விட்டுவிட்டேன். ஐப்பசிக் கப்பலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. தங்கள் கடிதத்தைப் பெட்டியில் வைக்கவில்லை, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு வரியை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கு முப்பத்து நான்கு வயதாகிறது, சொன்னால் சிரிப்பீர்கள்.

தங்களுக்கு ஒரு கம்பளியும், கிணற்று மேட்டில் நிற்பதற்குக் குடையும் வாங்கியிருக்கிறேன். நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பரணிலிருந்து இறங்கி, தாங்கள் போடும் களியைத் தின்ற பிறகு சொல்கிறேன்.

தங்கள் பிள்ளை
ராமப்பன்


பெங்களூர், பெரிய ஆஸ்பத்திரி
20-1-1954

அம்மா,

உடம்பைப் பற்றி எழுதுகிறேன். இடுப்புக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கை இரண்டும் வேலை செய்கிறது. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நீ வந்தபோது நான் மயக்கத்தில் இருந்தேனாம். தாவூத் பாய் உனக்கு எழுதின கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். படித்தேன். போன வருஷம் பங்குனியில் எழுதினது. அதற்குப் பிறகுதான் நீ என்னை வரச்சொல்லி எழுதியிருக்கிறாய்.

ஊருக்கு வந்து ஐந்து சாயந்தரம் பரண் ஏறினேன். ஐந்து தரமும் கூவினாய். நான் இறங்கி வந்தேன், களி போட்டாய். ஐந்து நாளும் சொல்லவந்ததைச் சொல்லாமல் விட்டேன். அந்தச் சுகம் போய்விடும் என்று பயம். ஆறாம் நாள் பொழுது சாயும்போது பக்கத்துக் கொல்லையில் "ஆனெ, ஆனெ" என்று கன்னடத்தில் கத்தினார்கள். ஒற்றைக் கொம்பன் நேரே பரணுக்கு வந்தான். முதலில் மூங்கில் புதர்ப் பக்கம் திரும்பி நின்றான். அப்போது கூவியிருந்தால் நான் இறங்கி ஓடியிருப்பேன். நீ மேட்டில் நின்றாய். நான் வாங்கிவந்த குடை கக்கத்தில் இருந்தது. தகரம் ஒரு கையில், கழி ஒரு கையில். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாய். கூவும்வரை இறங்காதே என்றாய், இறங்கவில்லை. அவன் திரும்பிவந்து பரண் காலைப் பிடித்தபோதும் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேரில் சொல்ல இருந்ததை எழுதிவிடுகிறேன். சுடமாட்டோம் என்று துரை சொன்னதை நம்பினேன். வேலிக்குள் சோறு எடுத்து வைத்திருந்தேன். கருவாட்டுக் குழம்பு. சிப்பாய்கள் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. பயந்துபோய்க் காய்ச்சல் என்று உனக்குப் பொய் எழுதினேன். பெரிய கங்காணி வேலையை வேண்டாம் என்று சொல்லவும் பயந்தேன். அது இரண்டும் என் குற்றம். தாவூத் பாய் ஒன்று தப்பாக எழுதியிருக்கிறார். இரண்டாம் தரம் நான் தட்டியது வேறு எவனையும் கூப்பிட இல்லை. உன் கூவல் கேட்டால் அவன் எழுந்து வருவான் என்று தட்டினேன். யானை ஆட்டினபோதும் வந்தவன்தானே.

ஏன் அம்மா கூவவில்லை?

ராமப்பன்


ஜவளகிரி
29-1-1954

ராமப்பனுக்கு அம்மா நஞ்சம்மா எழுதியது. நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை டாக்டர் சொன்னார். இனி நடக்க மாட்டாய், உயிருக்குப் பயமில்லை, நெடுநாள் இருப்பாய் என்றார்.

இரண்டாம் தரம் தட்டினது எதற்கு என்று நீ எழுதினதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் அதையே படித்தேன். நிஜமாக இருக்கலாம். கருவாட்டுக் குழம்பு என்பது நிஜம்தான், அது உனக்குத் தானாகத் தோன்றியிருக்காது, நான் எழுதினதைப் படித்துத்தான் வைத்திருப்பாய்.

ஆனாலும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அதை நீயும் பார்த்திருக்கிறாய், உன் கடிதத்தில் எழுதவில்லை. நான் பார்க்கவில்லை. ஆனால் தினமும் பார்க்கிறேன்.

ஏன் கூவவில்லை என்று கேட்கிறாய். கழியை ஓங்கினேன். ஒரு தட்டு தட்டினால் போதும். அதற்குள் நான் எழுதிக் கொடுத்த மூன்றும் ஒன்றும் ஞாபகம் வந்தது. கையை இறக்கிக்கொண்டேன். துரை உனக்குச் சத்தியம் செய்தான், நீ எனக்குச் சத்தியம் செய்தாய், நான் உனக்குக் கூவுகிறேன் என்றேன். எல்லாம் ஒரே விலை.

நாராயணம்மா வந்து, "பாவம்க்கா ஒம் புள்ள" என்றாள். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். போய்விட்டாள்.

மாசி பிறந்ததும் வண்டி கட்டி வந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். கிணற்றைப் பார்த்த அறையில் கட்டில் போட்டாயிற்று. கம்பளியை அதில் விரித்திருக்கிறேன். உன்னைக் குளிப்பாட்டுவேன், துடைப்பேன், இதில் குறை வைக்க மாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் தகரத்தையும் கழியையும் வைத்திருக்கிறேன். முறை உனக்குத் தெரியும். பசித்தால் தட்டு.

நான் அடுப்படியில்தான் இருப்பேன். எனக்குக் கேட்கும். எழுந்து வருவதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா
நஞ்சம்மா